பந்தல் சாய்ந்தாலும் அவரை காய்க்கும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. வல்லத்தில் என் காய்கறிக் கொல்லையில் அவரைப் பந்தல் படுத்துவிட்டது. கத்தரியைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர்.

கொடியைப் பிடுங்கிவிட்டுப் புது விதை போடுங்கள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் கொல்லையில் வேலை செய்யும் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடியில ஊன்னது ஐயா இது. இப்ப ஊன்னா கொடியே ஓடாது. வேர் கெட்டியா இருக்குது, தூக்கிக் கட்டுங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நம் நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் நாலு மாசம் கொடி ஓடி, பிறகு பூத்து, மார்கழி தையில் கொட்டும். மார்கழியில் ஊன்றினால் முழங்கால் உயரத்திலேயே பூக்கப் பார்க்கும். அதில் என்ன காய் கிடைக்கும்?

முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம். முறிந்த கொடிகளை அறுத்துவிட்டு, மிச்சத்தைச் சிக்கெடுக்காமல் அப்படியே வேலிகாத்தான் மிளார்மேல் ஏற்றினோம். சிக்கெடுக்கப் போனால் இருப்பதும் ஒடியும். மண் காய்ந்ததும் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு வேரில் மண் அணைத்தோம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளித்ததும் புதுத் துளிர் வந்தது, கூடவே அசுவினியும் வந்தது. பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவினால் இலையில் ஒட்டும். வெயில் ஏறிய பிறகு தூவினால் காற்றோடு போய்விடும். பூசணி இலையில் வெள்ளை படிந்தால் புளித்த மோர் ஒன்றுக்குப் பத்து தண்ணீர். பனிக்காலத்தில் சாயங்காலம் இலை நனையத் தண்ணீர் விட வேண்டாம்.

வட்டிக்கு நாள் எண்ணிய புத்தி போகவில்லை. டிசம்பர் 4 முதல் பொங்கலுக்கு 41 நாள். சிறுகீரைக்கு 25 நாள் போதும். முள்ளங்கிக்கு 45, பிஞ்சாகப் பிடுங்கினால் ருசி அதிகம். காலியான பாத்தியில் இரண்டையும் விதைத்தேன். கத்தரி தேறவில்லை.

பொங்கல் குழம்புக்கு அவரை, பூசணி, மேட்டுப் பாத்தியில் தப்பிய சர்க்கரைவள்ளி எல்லாம் கொல்லையிலிருந்தே வந்தன. கத்தரிக்காயை மட்டும் திண்டிவனம் மார்க்கெட்டில் வாங்கினேன். மறுவாரம் வேலியோரத்து மொச்சையை உரித்துக் கருவாட்டுக் குழம்பு. "என்னங்க, இத காசு குடுத்து வாங்கினா இந்த வாசனை வருமா?" என்றார் வீட்டுக்காரம்மா. நான் பதில் சொல்லவில்லை, வாயில் சோறு இருந்தது.

விதைக்குக் கடைசிக் காயை விடாதீர்கள், அது சூம்பியிருக்கும். இரண்டாம் பறிப்பில் திரண்ட காய்களுக்குத் துணி கட்டிக் கொடியிலேயே முற்றவிட்டேன். சாம்பல் கலந்து மண்பானையில் இருக்கிறது. ஆடிக்கு முன்னால் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிடி உண்டு.