யானையும் பாகனும்: மூன்று வழிகள்

வளர்ந்த ஆண் யானை நான்கு டன் எடை கூட இருக்கும். அதன் பக்கத்தில் நிற்கும் பாகன் அறுபது, எழுபது கிலோதான். ஆனாலும் பாகன் 'நட' என்றால் யானை நடக்கிறது. 'நில்' என்றால் நிற்கிறது. இது எப்படி நடக்கிறது?

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்டுக்கு இரண்டு முறை ஆறாட்டு நடக்கும். ஊர்வலம் சங்குமுகம் கடற்கரை வரை போகும். வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதையையும் கடக்கும். அந்த நேரத்தில் விமானங்களை நிறுத்தி வைப்பார்கள். ஊர்வலத்தில் யானையும் உண்டு. சுற்றிலும் கூட்டம், மேளம், வெளிச்சம். இத்தனைக்கும் நடுவே யானை பாகனின் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும்.

பாகன் வாயால் மட்டும் பேசுவதில்லை. கழுத்தில் உட்கார்ந்து, யானையின் காதுக்குப் பின்னால் கால் விரலால் அழுத்துவார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யானை தெரிந்துகொள்ளும். யானையின் தோல் தடிப்பானது. ஆனால் ஓர் ஈ உட்கார்ந்தால்கூட அதற்குத் தெரியும். அதனால் லேசாகத் தொட்டாலே போதும்.

பாகர்களை மூன்று வகையாகச் சொல்வது பழைய வழக்கம். பலத்தால் அடக்குபவர், புத்தியால் நடத்துபவர், அன்பால் பழக்குபவர்.

பலத்தால் அடக்குபவர்

இவருக்கு முக்கியமான கருவி அங்குசம். அது கொக்கி வைத்த கோல். மலையாளத்தில் இதைத் தோட்டி என்பார்கள். புதுப் பாகன் வந்தாலும், மதம் தணிந்த பிறகும், யானையைக் கட்டிப்போட்டு அடித்துப் பணிய வைக்கும் பழக்கம் கேரளத்தில் இருந்துவந்தது. இதற்குக் 'கெட்டியழிக்கல்' என்று பெயர். இப்படிப் பணியும் யானை மனத்தில் பயம் மட்டுமே இருக்கும். பயம் எப்போதும் காவல் காக்காது. ஒரு நாள் வலி தாங்காமல் யானை திரும்பும். அன்று முதலில் அகப்படுவது பக்கத்தில் நிற்கும் பாகன்தான். இரும்புத் தோட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று கேரள வனத்துறை 2015இல் உத்தரவு போட்டது.

புத்தியால் நடத்துபவர்

இவர் யானையின் குறிப்பை அறிந்து நடப்பார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் கசிகிறதா என்று தினமும் பார்ப்பார். கசிந்தால் அது மதத்தின் அடையாளம். அந்த நாட்களில் வேலையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. தனியே கட்டித் தீனி கொடுப்பார். நல்லபடி செய்தால் உடனே ஒரு பழம் கொடுப்பதும் இவர் வழிதான். வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளில் இப்போது இப்படியே பழக்குகிறார்கள். பந்து கட்டிய குச்சியைக் காட்டுவார்கள். யானை காலைத் தூக்கி அதைத் தொட்டால் பழம் கிடைக்கும். பிறகு அந்தக் காலில் உள்ள புண்ணுக்கு மருந்து போடலாம். அடியும் இல்லை, அலறலும் இல்லை.

அன்பால் பழக்குபவர்

இவர் யானையோடு வருஷக்கணக்கில் வாழ்வார். குளிப்பாட்டுவார், தீனி கொடுப்பார், பேசுவார். நீலகிரியில் முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயைப் பிரிந்த குட்டி யானை ரகுவை வளர்த்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு 2023இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலும் ஓர் இடம் உண்டு. கோட்டூர் காப்புக்காட்டில், நெய்யாறு நீர்த்தேக்கத்தின் கரையில், யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை அங்கே வளர்க்கிறார்கள்.

அன்பு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. மதம் பிடித்த யானை வளர்த்தவரையும் மறந்துவிடலாம். அன்போடு புத்தியும் வேண்டும். பாகனை அடிக்கடி மாற்றவும் கூடாது. பாகன் மாறினால் யானை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். பாகனுக்கு நல்ல சம்பளமும் ஓய்வும் கிடைத்தால்தான் அவர் ஒரே யானையோடு நிலைத்திருப்பார். இது யானையின் சொந்தக்காரர் கவனிக்க வேண்டிய விஷயம்.

நமக்கும் பொறுப்பு உண்டு. திருவிழாவில் யானையின் பின்னால் போய் நிற்காதீர்கள். வாலைத் தொடாதீர்கள். பாகனைக் கேட்காமல் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். அதன் அருகில் வெடி வெடிக்க விடாதீர்கள். பாகன் "தள்ளி நில்லுங்கள்" என்றால் கோபப்படாமல் தள்ளி நில்லுங்கள். யானையின் மனம் நம்மைவிட அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை யானையைப் பார்க்கும்போது பாகனின் கையையும் பாருங்கள். அந்தக் கை ஓங்கியபடி இருக்கிறதா? தும்பிக்கையைத் தடவியபடி இருக்கிறதா? அந்த யானை எப்படி வளர்கிறது என்பது உங்களுக்கே புரியும்.