கம்பம் பள்ளத்தாக்கும் மாதர் மதுவிலக்குச் சங்கங்களும்

தேனி ஜில்லாவின் கிறிஸ்தவ சபைகளில் மாதர் சங்கங்களைப் பெரும்பாலும் காணலாம். தென்னிந்தியத் திருச்சபையார் அதைப் பெண்கள் ஐக்கிய சங்கம் என்பர். கத்தோலிக்கரிடையே மரியாயின் சேனை முதலிய பக்தி சபைகள் உண்டு. ஜெபம், வேத வாசிப்பு, பிணியாளரைச் சென்று காணுதல் ஆகிய ஊழியங்களை நாம் குறைவாக மதிப்பவரல்லர். ஆயினும், குடியினால் சீரழிந்த வீடுகளின் கண்ணீர்க் கதைகளை அண்டை அயலாரிடமிருந்து நாள்தோறும் கேட்கும் இம்மாதர்கள், ஜெப அறையோடு நின்றுவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம். குடிப்பவனுக்குப் புத்தி சொல்வதோடு, கடையைத் திறக்க உத்தரவு கொடுக்கிற கையையும் அவர்கள் பிடித்து நிறுத்த முன்வர வேண்டும்.

இப்பள்ளத்தாக்கின் நிலைமை வாசகர்கள் அறிந்ததே. 1895-ம் வருஷம் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்புறம் திருப்பப்பட்டது முதல் இங்கே நெல்லும் வாழையும் திராட்சையும் செழித்து வருகின்றன. பூமி வளமாயிருந்தும் நிலமற்ற கூலிகளுக்குக் குறைவில்லை. கம்பத்திலும் போடியிலும் பொழுது விடியுமுன்னரே எழுந்து, தூக்குவாளியில் சோறெடுத்துக்கொண்டு, ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையாளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும் ஸ்திரீகளை யார் பார்த்ததில்லை? பகலெல்லாம் குளிரிலும் மழையிலும் காய் பறித்து, இருட்டும் வேளையில் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். அவ்வேளையில் ஊரில் பிரகாசமாக விளக்கெரிவது மதுக்கடையில்தான். மனைவி மலையேறிச் சம்பாதித்த கூலியைப் புருஷன் கடையில் கொண்டுபோய்க் கொட்டும் வீட்டில், குழந்தைக்குப் பாலேது, படிப்பேது?

இத்தகைய துயரத்திலிருந்துதான் உலகப் பிரசித்தி பெற்ற ஒரு மாதர் இயக்கமே பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் ஹில்ஸ்பரோ என்பது ஒரு சிற்றூர். 1873-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் டயோ லூயிஸ் என்ற வைத்தியர் அங்கே வந்து, சாராயக் கடைகளை மூடச் செய்யும் சக்தி ஸ்திரீகளிடமே இருக்கிறதென்று பிரசங்கம் செய்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அவ்வூர் மாதர்கள் பிரஸ்பிட்டேரியன் கோயிலில் கூடினார்கள். எலைசா தாம்ஸன் என்னும் அம்மையாரைத் தலைவியாகத் தேர்ந்துகொண்டு, 146-ம் சங்கீதத்தை வாசித்து, ஜெபித்து, இருவர் இருவராக வீதியில் இறங்கினார்கள். இந்த அம்மையார் ஒரு கவர்னரின் மகள், ஒரு நீதிபதியின் மனைவி. குடிக்கு ஒரு மகனைப் பறிகொடுத்தவர். இதெல்லாம் பித்துக்குளித்தனம் என்றாராம் கணவர். புருஷர்கள் அந்தத் தொழிலை வெகுகாலமாகச் செய்து வருகிறார்களே, இனி ஸ்திரீகள் கொஞ்சம் செய்து பார்ப்பது தெய்வ சித்தமாயிருக்கலாம் என்று அம்மையார் விடையிறுத்தாராம். நமது நாட்டுப் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் சபாஷ் என்றிருப்பார்கள்!

மாதர்கள் கடை கடையாகச் சென்றனர். உள்ளே முழங்காலிட்டு ஜெபித்துப் பாடி, இனி விற்பதில்லை என்ற பிரதிக்ஞைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டனர். சிலர் கையெழுத்திட்டனர், சிலர் கதவைச் சாத்தினர். டன் என்ற மருந்துக் கடைக்காரர் இணங்கவில்லை. அவர் கடைக்கெதிரே மாதர்கள் கூடாரம் அடித்து ஜெபிக்கத் தொடங்கவே, அவர் நியாயஸ்தலத்துக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கினார். சில மாதங்களுக்குள் இக்கிளர்ச்சி பல ஊர்களிலும் பரவிக் கடைகள் பல மூடப்பட்டன. ஆனால் ஆவேசம் தணிந்ததும் மூடிய கடைகளில் பெரும்பாலானவை மெள்ளத் திறந்துகொண்டன.

இந்த இடமே நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. கடைக்காரன் மனம் இளகிக் கடையைச் சாத்தலாம். அவனுக்கு லைசென்ஸ் கொடுத்த சட்டம் இளகவில்லை. இதையுணர்ந்த மாதர்கள் 1874 நவம்பரில் கிளீவ்லந்து நகரில் கூடிக் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்கு ஐக்கிய சங்கத்தை நிறுவினார்கள். 1879-ல் அதன் தலைமையேற்ற பிரான்ஸெஸ் வில்லார்டு அம்மை, வோட்டுரிமை, தொழிலாளர் நலம், பள்ளிப் போதனை ஆகிய எல்லாவற்றையும் மதுவிலக்கோடு பிணைத்தார். 1893-ல் நியூஜீலந்து ஸ்திரீகள் வோட்டுரிமை பெற்றதற்கு இச்சங்கத்தைச் சேர்ந்த கேட் ஷெப்பர்டு அம்மையின் உழைப்பே முக்கிய காரணம். நமது பண்டித ரமாபாய் அமெரிக்காவில் இருந்த காலத்தில் வில்லார்டு அம்மையின் சிநேகிதையாகி, இச்சங்கத்துடன் தொடர்பு கொண்டார்.

அந்நிய தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்த நாகம்மையாரையும் கண்ணம்மாளையும் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. 1930-ம் வருஷம் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது மகாத்மா காந்தி, மதுக்கடை மறியலை ஸ்திரீகளுக்கே உரிய தொண்டென்று ஒப்படைத்தார். நம் காலத்திலேயே, 1992-ல், நெல்லூர் ஜில்லா தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்பில் ஒரு பாடம் படித்ததிலிருந்து விழித்தெழுந்து சாராயக் கடையை விரட்டினார்கள். அது ஆந்திர தேசமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் விலக்கப்பட்டது. அப்பெண்கள் மாதா கோயிலிலிருந்து வந்தவரல்லர். ஆயினும் ஹில்ஸ்பரோ மாதர்களுக்கு உடன்பிறந்தவர்களே.

நமது மாகாணத்தின் சரித்திரத்தில் ஒரு விந்தையைச் சொல்லாதிருக்க முடியவில்லை. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. கள்ளுப் பணம் நின்றதால் உண்டாகும் நஷ்டத்தை ஈடு செய்யவே 1939-ல் விற்பனை வரி சட்டமாயிற்று. 1948 அக்டோபர் 2-ந் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், ராஜதானி முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2003 நவம்பர் முதல் சர்க்கார் கழகமே சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. கள்ளுக்குப் பதிலாக வந்த வரி நிலைத்துவிட்டது; அது போக்க வந்த மதுவும் திரும்பி வந்துவிட்டது. ஜனங்கள் இரண்டையும் சுமக்கிறார்கள். 2023-24-ம் வருஷத்தில் மதுவினால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மதுவிலக்குக்கு முயல வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 47-வது விதி சொல்வதைப் பொக்கிஷ இலாகா வாசித்ததாகத் தெரியவில்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகுமென்று பயமுறுத்துவோர் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் மாண்டபோது, சர்க்கார் கடைகள் திறந்தேயிருந்தன என்பதை அவர்களுக்கு ஞாபகமூட்டுகிறோம். மலைக்கு அப்பால் கேரளத்தில் கத்தோலிக்க சபையின் மதுவிரோதக் கிளர்ச்சி வலுவாயிருந்த 2014-ல் சர்க்கார் பெரும்பாலான மதுச்சாலைகளை மூடத் துணிந்தது. 2017-ல் வேறு சர்க்கார் அக்கொள்கையைத் தளர்த்திற்று. சட்டத்தை ஆக்கினால் போதாது, காவலும் வேண்டும்.

நம் மாதர்கள் செய்யக் கூடியது என்ன? கோயிலுக்கும் பள்ளிக்கும் அருகே கடை வைப்பதற்கு விதியிலேயே தடையிருக்கிறது: நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். வியாபார வட்டாரங்களுக்கு விதிவிலக்கு உண்டென்பதையும் அறிந்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சங்கத்தார் அளந்து பார்க்கட்டும். மீறியிருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் முன் மனுவோடு நிற்கட்டும். தனியே நிற்க வேண்டாம். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் முஸ்லிம் சகோதரிகள் ஏராளமாயிருக்கிறார்கள். அவர்கள் மார்க்கமே மதுவை விலக்கியது. ஹிந்து சகோதரிகளின் சுய உதவிக் குழுக்களும் உண்டு. வேறு வேறு இடத்தில் தொழுவோர் ஒரே கடையால் அழும்போது, ஒரே மனுவில் கையெழுத்திடத் தடையென்ன?

போகிற போக்கில் ஒரு வார்த்தை. இப்பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832-ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பர். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர், நற்கருணைக்காகவே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டார். கத்தோலிக்கர் தம் முறைமையை மாற்ற மாட்டார்கள். மாற்றச் சொல்ல நாம் யார்? ஆயினும் திராட்சை விலை விழுந்து விவசாயி தவிக்கும்போது சாறு பிழியும் ஆலைக்கு உதவி கேட்பதும் மதுவிலக்கு வேலைதான்.

கிராமங்களில் சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ந் தேதியும் ஒன்று. அன்று காந்தி ஜயந்தியை முன்னிட்டுச் சர்க்காரே மதுக்கடைகளை மூடி வைக்கிறது. மறுநாளும் அக்கடை மூடியிருக்க வேண்டுமென்ற தீர்மானத்தை அச்சபையில் நம் சகோதரிகளே கொண்டுவரட்டும். அது சர்க்காரைக் கட்டுப்படுத்தாதென்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னால், அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.