நடுச்சுவர் கூரையைத் தொடுகிறதா?

அண்ணனும் தம்பியும் பாகம் பிரிகிறார்கள். இருப்பதோ ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர் எழும்புகிறது. இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம். அந்தப் பக்கம் தம்பி குடும்பம். வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு. ஆனால் தலைக்கு மேலே கூரை மட்டும் ஒன்று!

ஜவ்வாது மலைக்குக் கிழக்கே, செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கம் ஆகட்டும், தமிழ்நாட்டின் வேறு எந்த ஊராகட்டும், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்வது நமக்குப் பழகிப்போன வழக்கம். பழைய தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. இப்போது நகரங்களில் 'இரட்டை வீடு' என்று புதிதாகவும் கட்டுகிறார்கள்.

ஒரு வீட்டில் தீப்பிடித்தால், மறு வீட்டைக் காப்பாற்ற வேண்டியது அந்த நடுச்சுவர்தான். அது காப்பாற்றுமா?

சுவருக்கும் மணிக்கணக்கு

எந்தச் சுவரும் தீயை என்றென்றும் தாங்காது. எத்தனை நேரம் தாங்கும் என்பதே கேள்வி. இதைச் சோதிக்க, பொறியாளர்கள் சுவரின் ஒரு பக்கத்தை உலையில் சுடுகிறார்கள். அரை மணியில் உலையின் சூடு சுமார் 840 டிகிரி செல்சியஸ் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் சுமார் 945 டிகிரி; இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது.

அவர்கள் பார்ப்பது மூன்று. சுவர் இடியாமல் நிற்கிறதா? வெடிப்பு விட்டுத் தீ எட்டிப் பார்க்கிறதா? மறுபக்கம் அளவுக்கு மீறிச் சுடுகிறதா? மறுபக்கத்தின் சூடு சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால், அந்தச் சுவர் தோற்றது என்று பொருள். ஏன்? சுவர் இடியாவிட்டாலும், அதில் சாய்த்து வைத்த பாயும் துணியும் சூட்டிலேயே பற்றிக்கொள்ளக்கூடும் அல்லவா?

இந்தச் சோதனையில் செங்கல் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. ஏற்கனவே சூளையில் வெந்த கல் ஆயிற்றே! சந்தில்லாமல் கட்டி, இரு பக்கமும் பூசிய 9 அங்குலச் சுவர் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். கனமான மண் சுவரும் லேசில் தோற்காது. மண் எரிவதில்லை.

அப்படியானால் தீ எப்படி அடுத்த வீட்டுக்குப் போகிறது?

மேலே இருக்கிறது வழி

தீ சுவரைத் துளைப்பதில்லை. சுவரைத் தாண்டிப் போகிறது!

சூடான புகை மேலே ஏறும். கூரையின் அடியில் பரவும். பல வீடுகளில் நடுச்சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கைமரங்களும் மூங்கிலும் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. ஓடு எரியாதுதான். ஓட்டைத் தாங்கும் மரம் எரியுமே! கீற்றுக் கூரையானால் கேட்கவே வேண்டாம்.

கூரை வழியாகத் தீ பரவினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணீரோடு அறிந்திருக்கிறது. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பிறகே பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது.

லண்டன் கற்ற பாடம்

லண்டன் மாநகரில் 12-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே நடுச்சுவருக்கு விதி வகுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டு, 3 அடி கனத்தில், 16 அடி உயரத்தில் கல் சுவர் எழுப்பவேண்டும் என்றது அந்த விதி. ஆனால் மர வீடுகள் பெருகிக்கொண்டே போயின. 1666 செப்டம்பரில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ, சுமார் 13,200 வீடுகளை விழுங்கியது. மறு ஆண்டே செங்கல் அல்லது கல்லால்தான் வீடு கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. நடுச்சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்தும்படி பின்னால் வந்த சட்டங்கள் சொல்லின.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை

சுவரைத் தரையிலிருந்து கூரை வரை இடைவெளி இல்லாமல் ஏற்றவேண்டும். ஓட்டு வீடானால் ஓட்டின் அடி வரை கட்டி, மிச்சச் சந்தைக் கலவையால் அடைக்கவேண்டும். கூரைக்கு மேலும் ஓர் அடி உயர்த்தினால் இன்னும் நல்லது.

உத்தரம், கைமரம் எதுவும் சுவரைத் துளைத்து மறுபக்கம் போகக்கூடாது. இரண்டு வீட்டு உத்தரங்களையும் ஒரே பொந்தில் முட்டவைக்கக்கூடாது. நடுவில் செங்கல் இருக்கட்டும்.

அந்தச் சுவரில் அலமாரி குடையாதீர்கள். 9 அங்குலச் சுவரில் இவர் இந்தப் பக்கம் நாலரை அங்குலம் குடைந்து, அவரும் அதே இடத்தில் குடைந்தால் மிச்சம் என்ன? வெறும் பூச்சுதான்! சுவிட்சுப் பெட்டிகளையும் நேருக்கு நேர் வைக்கவேண்டாம். ஒயரும் குழாயும் போன துளையைச் சிமெண்டுக் கலவையால் அடையுங்கள். காகிதமோ துணியோ திணிக்கக்கூடாது.

சுவர் சரியாக இருந்து, வாசலில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கீற்றுப் பந்தல் போட்டால் பயன் இல்லை. தீ அதன் வழியே நடந்து வரும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரும்பாலும் இரண்டு மூன்று வரிசைச் செங்கல்லும் ஒரு நாள் கூலியும்தான். இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ளலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போதே, 'நடுச்சுவரைக் கூரை வரை கட்டுவது. ஒருவரைக் கேட்காமல் மற்றவர் குடைவதில்லை' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் பின்னால் வம்பு வராது.

தீப்பிடித்தால் முதல் வேலை, இரு வீட்டாரும் வெளியே வருவது. அடுத்த வேலை, 101-க்குத் தகவல் சொல்வது. தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே காவல் அந்தச் சுவர். ஏணி வைத்து ஏறி, சுவரின் தலைமாட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டு வெளிச்சம் தெரிந்தால், நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்!