ஆங்கிலம் எப்படிப் படிகிறது? தோசை மாவு சொல்லும் விடை

தோசை மாவில் நம் கை செய்யும் வேலை பாதிதான். அரிசியையும் உளுந்தையும் அளந்து ஊறப்போடுகிறோம், கொஞ்சம் வெந்தயம் சேர்க்கிறோம், ஆட்டுகிறோம், உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைக்கிறோம். அதன்பின் இரவெல்லாம் நுண்ணுயிர்கள் வேலை பார்க்கின்றன. காலையில் பொங்கி நிற்கும் மாவைக் கல்லில் ஊற்றும்போதுதான் மறுபடி நமக்கு வேலை. வேற்றுமொழி ஒன்று மனத்தில் படிவதும் இப்படித்தான். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதையே முழுச் சமையலாக நம்பியது தெரிகிறது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பள்ளிகள் லத்தீனைக் கற்பித்த வழியிலேயே மற்ற மொழிகளையும் கற்பித்தன. இலக்கண விதி, சொற்பட்டியல், மொழிபெயர்க்கச் சில வாக்கியங்கள், அவ்வளவுதான். அரிசி இத்தனை பங்கு, உளுந்து இத்தனை பங்கு என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மாவு ஆட்டவே இல்லை. மொழிப்பாடம் திசை திரும்பியாக வேண்டும் என்று 1882இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஃபியட்டர் ஒரு சிறுநூல் எழுதினார். பேச்சுக்கு முதலிடம் கேட்ட சீர்திருத்தம் அதிலிருந்து வேகம் பிடித்தது.

தானியத்தைப் பற்றி உருப்படியாக யோசித்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். பெரும்பாலான பிள்ளைகள் சில ஆண்டுகளில் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள், அதற்குள் ஆங்கிலத்தைப் படிக்கவாவது தெரிந்துகொண்டால் கையில் ஏதாவது மிஞ்சும் என்று அவர் நினைத்தார். அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டே பாடநூல்களைத் திருத்தி எழுதினார். புதுச் சொற்களை இடைவெளி விட்டு நுழைத்தார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன. மாவைச் சரியான பதத்துக்கு ஆட்டுவது என்பது இதுதான். ஒருவர் துணையில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 50 சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிது. நம் பள்ளிப் பாடங்கள் பலவற்றில் ஒரு வரிக்கே மூன்று புதுச் சொற்கள் வருகின்றன. அந்த மாவு திப்பிதிப்பியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு வேற்றுமொழி பேசத் தெரிந்த வீரர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கேள், திருப்பிச் சொல், மறுபடி சொல் என்ற பயிற்சி அப்போது பரவியது. மொழி என்பது பழக்கம், பழக்கம் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் என்பது அதன் அடிப்படை. ஏறத்தாழ அதே நம்பிக்கையில் பிரிட்டனில் உருவான வாக்கிய அமைப்பு முறை தமிழ்நாட்டுக்கு வந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் மாபெரும் முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தருவது அதன் ஏற்பாடு. ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டே “ஐ ஆம் ஓபனிங் த டோர்” என்பார், வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லும். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் காலிக் கல்லின் மேல் கரண்டியை வட்டமாகச் சுழற்றிப் பழகிய கை அது. உள்ளே மாவு தயாராகவில்லை.

அந்த ‘உள்ளே’ என்னதான் நடக்கிறது? மூன்றாம் வகுப்பிலேயே ‘ஷி கோஸ்’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். தேர்வில் கோடிட்ட இடத்தை மாணவி சரியாக நிரப்புகிறாள். வெளியே வந்ததும் “மை சிஸ்டர் கோ டு காலேஜ்” என்கிறாள். கவனமில்லை என்று அவளைத் திட்டுவது அநியாயம். போகிறாள், போகிறான் என்று வினையோடு விகுதி ஒட்டிப் பேசியே வளர்ந்தவள் அவள். விகுதி அவளுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் சீனம் பேசும் பிள்ளைகளையும் ஒப்பிட்டு டூலே, பர்ட் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், இரு தரப்புக்கும் ஆங்கில விகுதிகள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வந்தன. ‘இங்’ முன்னால் வந்தது, ‘கோஸ்’ என்பதில் ஒட்டும் ‘எஸ்’ பின்னால் வந்தது. புளிப்பதற்கு அதற்கான நேரம் வேண்டும். பாத்திரத்தைத் தட்டினாலும் கிண்டினாலும் மாவு முன்கூட்டிப் பொங்காது.

இதை நம் மண்ணில் சோதித்துப் பார்த்தவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சில பள்ளிகளில் ஒரு பரிசோதனையை நடத்தினார். சாதாரணப் பள்ளிகள், நெரிசலான வகுப்புகள். பாடத்திட்டத்தில் இலக்கணமே கிடையாது. கணக்குப் போல ஒவ்வொரு நாளும் யோசித்துத் தீர்க்க வேண்டிய ஒரு வேலை மட்டும் இருந்தது. ரயில் அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதுகிறார் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்கு மதுரையில் இருக்க வேண்டியவர் காலையில் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்? அது தவறிப்போனால் அடுத்தது எது? முதலில் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் ஆங்கிலத்தில் பேசிப்பேசி இப்படி ஒரு கணக்கைத் தீர்ப்பார். பிறகு அதேபோன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். விடை சரியா என்பதற்கே மதிப்பெண். “டிரெயின் கோ டென் தர்ட்டி” என்று ஒரு பையன் சொன்னால், “எஸ், த டிரெயின் கோஸ் அட் டென் தர்ட்டி” என்று போகிற போக்கில் சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

மனம் விடையைத் தேடும் நேரத்தில் மொழி தன்னையறியாமல் உள்ளே புளிக்கிறது என்பதே பிரபுவின் நம்பிக்கை. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாக முடித்தால் அது பொருத்தமான வேலை என்று ஓர் அளவுகோலும் வைத்திருந்தார். வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டவர்கள், வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்துவதையும், புரிதல், டிக்டேஷன், சூழலோடு வரும் இலக்கணம் ஆகியவற்றில் பெரும்பாலும் பிரபுவின் வகுப்புகள் முந்துவதையும் கண்டார்கள். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதன் தொடக்கப்புள்ளிகளில் இந்தத் திட்டமும் ஒன்று. நம் ஆசிரியர் பயிற்சி நிலையங்களில் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

புளித்தால் மட்டும் போதுமா? போதாது. கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியிலேயே படித்த, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். கேட்டது நன்றாகப் புரிந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் அப்படியே நின்றன. தாமே சொல்லிப் பார்க்கும் கட்டாயம் அவர்களுக்குப் போதவில்லை என்று 1985இல் எழுதினார். கல்லில் ஊற்றினால்தான் மாவில் தண்ணீர் கூடிவிட்டதா, உப்புக் குறைவா என்று தெரிகிறது. வெந்தயமும் தேவை: ஒரு வடிவத்தைக் கவனித்தால் ஒழிய அது படியாது என்றார் மொழிக்கற்றல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஷ்மிட். இலக்கண விளக்கத்துக்கு இடம் உண்டு. ஆனால் அரிசியின் அளவுக்கு வெந்தயத்தைப் போட்டால் மாவு கசக்கும். நம் வகுப்புகளில் பல ஆண்டுகளாக நடப்பது அதுதான்.

அடுக்களையின் வெப்பமும் ஊருக்கு ஊர் வேறு. போர்க்கால யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் தங்கள் வாழ்க்கையையும் அரசியலையும் கிறுக்கி வைத்திருந்ததைக் கண்டு 1999இல் எழுதினார். எல்லா இடத்துக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று பிரபுவும் 1990இல் எழுதியிருந்தார்.

ஆசிரியராக இருந்தால், வாரத்தில் ஒரு பீரியடையாவது மொழி புளிப்பதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும் ஆங்கிலக் கதையைப் படிக்கக் கொடுங்கள், அல்லது யோசித்துத் தீர்க்க ஒரு வேலை கொடுங்கள். விடையை மட்டும் திருத்துங்கள். பெற்றோராக இருந்தால், ‘எஸ்’ விட்டுப்போனதற்காகப் பிள்ளையின் பேச்சை நடுவில் நிறுத்தாதீர்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும்.