மினி கூப்பரின் கிளட்ச்: பழுதும் வலுவும்

அலெக் இசிகோனிஸ் வடிவமைக்க, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1959-இல் வெளியிட்ட மினி கார், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள்ளேயே அடக்கிக்கொண்டது. அதன் வேகமான வடிவமான கூப்பர் எஸ், பனி படர்ந்த ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடைபெறும் மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்று, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய எஞ்சின் கொண்ட கார்களைப் பின்னுக்குத் தள்ளியது. பழைய கார்களுக்கென இன்று நடத்தப்படும் ராலிகளிலும் அது தொடர்ந்து ஓடுகிறது. அறுபது ஆண்டு வயதான அந்த இயந்திரத்தில் மிகுதியாக வதைபடும் உறுப்புகளுள் ஒன்று கிளட்ச். மினியின் விசித்திரமான உள்ளமைப்பு அதைப் பழுதுபார்ப்பதையும் வலுப்படுத்துவதையும் தனிக் கலையாகவே ஆக்கிவிட்டது.

கிளட்ச் என்பது சுழலும் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கவும் வேண்டும்போது பிரிக்கவும் உதவும் உராய்வு இணைப்பாகும். எஞ்சினின் அச்சான கிராங்க் ஷாஃப்டின் முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கும் பிரஷர் பிளேட் எனப்படும் அழுத்தத் தட்டுக்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட், ஸ்பிரிங்கின் விசையால் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். மிதியை அழுத்தினால் அந்தப் பிடி தளர்ந்து கிளட்ச் பிளேட் விடுபடும்.

பெரும்பாலான கார்களில் கிளட்ச் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே அமைந்திருக்க, மினியிலோ அது எஞ்சினின் வெளிப்புற ஓரத்தில் இருக்கிறது. அங்கே எஞ்சினை ஒட்டி முதலில் பிரஷர் பிளேட்டும், அதையடுத்துக் கிளட்ச் பிளேட்டும், அதற்கு வெளியே பிளைவீலும் வரிசையாக நிற்கின்றன. 1964-இல் சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக வந்த டயஃபிரம், அதாவது விரல்களைப் போல் வெட்டப்பட்ட ஒற்றை வட்டத்தகடு ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் வெளியே இருந்தபடி பிளைவீலின் ஊடாகப் பிரஷர் பிளேட்டை இழுத்துப் பிடிக்கிறது. கிளட்ச் பிளேட்டுக்கு வந்து சேரும் சுழற்சி, கிராங்க் ஷாஃப்டின் மீதே தனித்துச் சுழலக்கூடிய பிரைமரி கியர் வழியாகக் கீழே உள்ள கியர்பாக்ஸுக்கு இறங்குகிறது.

இந்த அமைப்பின் முதல் பலவீனம் ஆயில். பிரைமரி கியரைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால், எஞ்சினும் கியர்பாக்ஸும் பகிர்ந்துகொள்ளும் அந்த ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைக்கிறது. அப்போது எஞ்சினின் வேகம் ஏற, காரின் வேகம் ஏறாத வழுக்கல் தோன்றுகிறது. நனைந்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பூட்டுவது பயன் தராது, ஏனெனில் உராய்வுப் பொருளுக்குள் ஊறிய ஆயில் சூடேறும்போது மறுபடியும் மேற்பரப்புக்கு வந்துவிடும். சீலையும் பிளேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதற்கு நேர்மாறான கோளாறு, மிதியை முழுதாக அழுத்தியும் கிளட்ச் பிரியாமல் கியர் உறுமுவது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கிளட்சுக்குள் இருப்பதில்லை. மிதியின் அசைவைக் கிளட்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் சிலிண்டர்களின் ரப்பர் தேய்வதும், மிதியிலிருந்து நெம்புகோல் வரையுள்ள பின்களின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்வதும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அசைவைத் தின்றுவிடுவதால், கிளட்சைக் கழற்றுமுன் இவற்றைச் சோதிப்பதே அறிவுடைமை.

மினியில் எஞ்சினை இறக்காமலே கிளட்சைக் கழற்ற முடியும். எஞ்சினை ஜாக்கியால் தாங்கி, ஓரத்து மூடியைத் திறந்தால் போதும். ஆனால் பிளைவீல் கிராங்க் ஷாஃப்டின் கூம்பு வடிவ முனையில் இறுகிக் கிடப்பதால், அதற்கென உள்ள இழுவைக் கருவி தேவைப்படுகிறது. அப்போது நடுப் போல்ட்டை முற்றிலும் கழற்றாமல் சில சுற்றுகள் விட்டுவைப்பது உயிர்காக்கும் எச்சரிக்கையாகும், ஏனெனில் கூம்பின் பிடி விடும் நொடியில் கனத்த பிளைவீல் வெடித்தாற்போல் வெளியே பாயும். கிராங்க் ஷாஃப்டின் முனையில் உள்ள பள்ளம் கிடைமட்டமாக நிற்குமாறு எஞ்சினைத் திருப்பி வைக்கவும் வேண்டும். இல்லையெனில் பிரைமரி கியரைத் தாங்கும் லாட வடிவ வாஷர் நழுவி விழுந்து, பிளைவீலை வெளிவர விடாமல் சிக்கவைத்துவிடும். திரும்பப் பூட்டும்போது கூம்பின் இரு பரப்புகளும் ஆயில் பசையின்றி முழுமையாகப் படிந்திருக்க வேண்டும், நடுப் போல்ட் சுமார் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு இறுக்கப்பட வேண்டும். பழைய பிளேட்டுகளின் உராய்வுப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால், உள்ளே சேர்ந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பானது.

இனி வலுப்படுத்தல். ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை என்பது ஸ்பிரிங்கின் அழுத்தம், உராய்வுக் கெழு, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கற்பலன். மினியின் பிளேட்டோ சுமார் 180 மில்லிமீட்டர் விட்டமே உடையது, அதைப் பெரிதாக்க உறையில் இடமில்லை. எனவே கைவைக்கக்கூடியவை அழுத்தமும் உராய்வுப் பொருளும் மட்டுமே. பலரும் முதலில் நாடுவது கடினமான டயஃபிரமைத்தான். ஆனால் மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதைத் தளர்த்தத் தேவைப்படும் விசை முழுவதும் கிராங்க் ஷாஃப்டை உள்நோக்கித் தள்ளி, எஞ்சினின் நடு பேரிங்கில் உள்ள மெல்லிய அரைவட்ட வாஷர்களின் மீது இறங்குகிறது. தேவைக்கு மீறிய டயஃபிரம் கிளட்சைக் காப்பாற்றி எஞ்சினைத் தின்றுவிடும். ராலியின் தொடக்கக் கோட்டில் மிதியை நெடுநேரம் அழுத்தியபடி காத்திருக்கும் ஓட்டுநர் இந்தத் தேய்வை இன்னும் விரைவுபடுத்துகிறார்.

உராய்வுப் பொருளை மாற்றுவதற்கும் விலையுண்டு. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யப்படும் பிளேட் கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் அது சட்டெனக் கவ்வுவதால், வழுக்கலில் கரைந்திருக்க வேண்டிய அதிர்ச்சி கியர்பற்களுக்குச் செல்கிறது, பிளைவீலின் முகமும் விரைவில் அரைபடுகிறது. முடுக்கத்துக்காகப் பிளைவீலைக் கடைந்து எடை குறைப்போர், வார்ப்பிரும்பு உயர்ந்த சுழல்வேகத்தில் சிதறக்கூடியது என்பதை மறக்கலாகாது. எடை குறைந்த பிளைவீல் வேண்டுவோர் எஃகில் செய்ததையே வாங்க வேண்டும். தட்டையான தடத்தில் சில நிமிடப் பந்தயம் ஓடும் காருக்கு வெண்கல பிளேட் பொருந்தலாம். கொண்டையூசி வளைவுகளில் நின்று நின்று ஏறி, நாள் முழுக்க ஓடவேண்டிய ராலி மினிக்கோ, நல்ல ரகச் சாதாரண பிளேட்டும், ஒரு படி மட்டுமே கடினமான டயஃபிரமும், புதிய ஆயில் சீலும், தேய்வில்லாத பின்களுமே ஏற்றவை.