தனியே பழகும் பந்து



கால்பந்து பதினொருவர் கூடி ஆடும் ஆட்டம். அதனைத் தனியே பழகலாம் என்று நான் சொல்லப் புகுந்தால், ஒரு கை தட்டினால் ஓசை எழுமா என்று நீங்கள் வினவக்கூடும். அதற்கு விடையைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளியில் விளையாட்டுக்குக் கிடைக்கும் பாடவேளை 40 நிமிடம் எனக் கொள்வோம். பந்து ஒன்று; ஆடுவோர் 22 பேர். பந்து எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தாலும் ஒருவருக்கு இரண்டு நிமிடங்கூட வாராது. ஆனால் அது சமமாகக் கிடைப்பதில்லை. வல்லவன் காலையே பந்து நாடிச் செல்லும். மற்றவன் கோட்டோரம் ஓடிக் களைப்பான். ஆடத் தெரியாமையால் பந்து வருவதில்லை. பந்து வாராமையால் ஆடத் தெரிவதில்லை. இந்தச் சுழலில் அகப்பட்ட பிள்ளைகள் பலரை என் ஆசிரிய வாழ்வில் கண்டிருக்கிறேன். அவர்களை மீட்க வல்லது தனிப்பயிற்சி.

முதற்பயிற்சிக்கு வேண்டுவது ஒரு சுவர். எங்கள் புளியங்குடியில் எலுமிச்சைக் கிடங்குகளின் பின்சுவர் இதற்கு நன்கு உதவும். உடையவரிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். சாலையோரச் சுவர் வேண்டாம். நான்கு அடி எடுத்துவைக்கும் தொலைவில் நில்லுங்கள். ஊன்றிய கால் பந்தின் பக்கத்தில் இருக்கட்டும். உதைக்கும் காலின் கணுக்கால் தளராதிருக்கட்டும். உள்பாதத்தால் பந்தின் நடுவில் அடியுங்கள். ஒளியியலில் படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள். சுவரில் மோதும் பந்தும் ஏறக்குறைய அவ்வாறே திரும்பும். ஆகவே அது கோணலாகத் திரும்பினால் பிழை உங்கள் பாதத்தில் உள்ளது என்று சுவரே சொல்லிவிடும். அதைவிட நேர்மையான ஆசிரியர் யார்? மூன்று விநாடிக்கு ஒரு முறை உதைத்தால் 10 நிமிடத்தில் 200 முறை பந்து காலைத் தொடும்.

இரண்டாவது, பந்தை அடக்குதல். பந்தைக் கையால் உயரே எறிந்து, கீழிறங்கும்போது பாதத்தால் ஏற்று நிறுத்துங்கள். பாதத்தை விறைப்பாக நீட்டினால் பந்து எகிறிப் போகும். எறிந்த முட்டையைப் பிடிப்பவர் கையைச் சற்றே பின்னிழுப்பதுபோல், பந்து தொடும் கணத்தில் பாதத்தைப் பின்னிழுக்க வேண்டும். வேகம் அடங்க எடுக்கும் நேரம் நீண்டால் தாக்கும் விசை குறையும். நியூட்டனின் இயக்க விதி இங்கே உங்கள் காலடியில் விளங்கும்.

மூன்றாவது, பந்தைக் கொண்டுசெல்லுதல். ஆறு சிரட்டைகளை இரண்டடி இடைவெளியில் வரிசையாகக் கவிழ்த்து, அவற்றினூடே பந்தை வளைத்து வளைத்துத் தள்ளிச் செல்லுங்கள். கண் எப்பொழுதும் பந்தின் மீதே பதிந்திருத்தல் ஆகாது. இடையிடையே தலை நிமிர வேண்டும்.

எதைச் செய்யினும் வலக்காலுக்குச் செய்ததை இடக்காலுக்கும் செய்யுங்கள். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் என்னிடம் பயின்றான். அணி பிரிக்கையில் எப்பொழுதும் இறுதியில் எஞ்சி நிற்பவன் அவனே. அவன் ஆறு திங்கள் இடக்காலையே விடாது பழக்கினான். இடப்பக்கத்தில் ஆட வல்லவர் வேறெவரும் இலராகவே, பின்னர் அவன் பெயரே முதலில் அழைக்கப்பட்டது. அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. ஆயினும் தலை நிமிர்ந்து நடந்தான்.

பந்து வாங்க வகையில்லையே என்று வருந்த வேண்டாம். முறையான பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; எடை 410 முதல் 450 கிராம். ஆனால் 1940-இல் பிறந்த பிரேசில் வீரர் பெலே, சிறுவயதில் கந்தல் திணித்த காலுறையையே பந்தாக உதைத்தார். கிரிக்கெட்டு வீரர் பிராட்மன் பௌரல் என்னும் சிற்றூரில், தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதைத் தனியே ஒரு குச்சியால் அடித்துப் பழகினார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்த நம் வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலுடனே ஆடினர்; 2–1 என்று தோற்றாலும், நம் ஒரே கோலைச் சாரங்கபாணி ராமன் அடித்தார்.

மாணவியர்க்கும் ஒரு சொல். 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2–1 என வென்றது. மைதானத்திற்குச் செல்லத் தடையுள்ள பெண்ணுக்கும் வீட்டு முற்றத்துச் சுவர் தடை சொல்லாது.

தனிப்பயிற்சிக்கும் எல்லை உண்டு. தோழனுக்கு எப்பொழுது பந்தைத் தருவது, எதிரி எங்கே வருவான் என்பவற்றைச் சுவர் கற்பிக்காது. அவை கூடி ஆடியே கற்க வேண்டியவை. ஆனால் எழுத்தறியாதவன் கட்டுரை எழுத இயலாதன்றோ? பந்தை அடக்கத் தெரிந்தவனுக்கே நிமிர்ந்து தோழனைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

ஆகவே நாள்தோறும் வெயில் ஏறுமுன் 15 நிமிடம் ஒதுக்குங்கள். சாரல் பெய்யும் மாதங்களில் தாழ்வாரத்தில் கந்தற்பந்து போதும். பிழையின்றி எத்தனை முறை உதைத்தீர்கள் என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிறரோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுங்கள்.