இளநாயும் இல்லத்தாரும்

மனிதனோடு கூடி வாழத் தலைப்பட்ட விலங்குகளுள் நாயே மூத்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஜெர்மனி நாட்டில், பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914-ஆம் ஆண்டில் ஒரு பழங்குழி வெளிப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு ஓர் இளநாயின் எலும்புகளும் கிடந்தன. இறந்தபோது அதற்கு அகவை ஏழு திங்களளவே. அதன் பற்களை ஆராய்ந்தோர், அது கடுநோயுற்றும் சில வாரங்கள் பிழைத்திருந்தது என்றும், மனிதர் பேணியிராவிடில் அங்ஙனம் பிழைத்திராது என்றும் கருதுகின்றனர். அத்துணைப் பழமையும் அன்பும் உடையது இவ்வுறவு. இன்று நம் இல்லங்களில் அதே அகவையுடைய இளநாய்கள் படும்பாடு யாது? பிற நாயைக் கண்டால் பாய்கின்றது, இரவெல்லாம் குரைத்து உறக்கத்தைக் கெடுக்கின்றது என்னும் இரு குற்றங்களைச் சாட்டிப் பலர் அவற்றை அடிக்கின்றனர். அடித்தும் அடங்காவிடில் தெருவில் விட்டுவிடுகின்றனர். இவ்விரு குற்றங்களின் காரணத்தையும், அவற்றை நீக்கும் வழியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குட்டிக்கு உலகம் அறிமுகமாகும் காலம் மிகக் குறுகியது. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல்லாண்டு ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, குட்டி பிறரோடு பழகக் கற்றற்கு ஏற்ற காலம் என்பது அவர்தம் முடிபு. அக்காலத்தில் கண்டு பழகியவற்றை அது பின்னர் எளிதில் அஞ்சுவதில்லை. உடன்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளுகையில், வலிக்கக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்னும் பாடத்தையும் அது கற்கின்றது. ஆதலின் எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தலாகாது. கண் திறந்த சின்னாட்களிலேயே கொணரப்பட்டு, வாயிலருகே சங்கிலியிற் கட்டுண்டு வளரும் நாய், தன் இனத்தின் மொழியையே அறியாது வளர்கின்றது. அது பிற நாயைக் கண்டு குரைப்பது பெரும்பாலும் அச்சத்தினாலேயாம்.

நன்கு பழக்கிய நாயும் ஒரு பருவத்தில் சொற்கேளாதாதல் உண்டு. 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சிலர் இதனை ஆராய்ந்தனர். ஐந்து திங்களில் தன்னை வளர்ப்போரின் ஏவலை ஏற்று அமர்ந்த நாய், எட்டுத் திங்களில் அவர்க்குப் பணியத் தயங்கிற்று. அயலார் ஏவினாலோ அத்தயக்கம் காணப்படவில்லை! இதற்கு ஒப்புமை தேடி நாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. நம் பெற்றோரை வினவினால் போதும். இப்பருவம் தானே கழிவது. அதுவரை பொறுத்தலே வளர்ப்போர் கடன்.

நிற்க, பிற நாய்களோடு பழக்கும் முறையைக் காண்போம். முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும் நாய் விளையாட அழைக்கின்றது. உடல் விறைத்து, இமையாது நோக்கி நிற்கும் நாயோ எச்சரிக்கின்றது. வால் அசைவது கொண்டு மட்டும் அதனை நட்பெனக் கொள்ளற்க. நம் நாய் பிற நாயைக் கண்டும் குரையாதிருக்கும் தொலைவு ஒன்று உண்டு. அஃது ஐம்பதடியாயினும் நூறடியாயினும் ஆகுக. அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். பிற நாய் தோன்றியவுடன் ஒரு சிறு இறைச்சித் துண்டோ பிஸ்கோத்துத் துண்டோ அளிக்க. அது மறைந்தவுடன் நிறுத்துக. பல நாள் இங்ஙனம் செய்யின், பிற நாயின் வரவு நல்லதொன்றின் வரவென்று அதன் உள்ளத்திற் பதியும். பின்னரே தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைக்க. கயிற்றை இழுத்துப் பிடிப்பின் நாயின் கலக்கம் மிகும். ஆதலின் அது தளர்ந்திருத்தல் நன்று. நேருக்கு நேர் கொண்டுசெல்லாது வளைந்து செல்லுதல் நாய்களிடை மரியாதையாம். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடாது, கையிலேந்திச் சென்று உலகைக் காட்டுக.

இனி இரவைப் பற்றிக் கூறுவாம். மனிதன் செவிக்கு எட்டாத நுண்ணொலிகள் பல நாயின் செவிக்கு எட்டும். ஊர் அடங்கிய பின் தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தால், நம் நாயும் விடை கூற விழைவது அதன் இயல்பு. பகலெல்லாம் கட்டுண்டு உறங்கிய நாய் இரவில் விழித்திருப்பதில் வியப்பென்னை? சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு நாய்கள் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. அவற்றை ஓடவிடாது கட்டிவைத்து அமைதியை எதிர்பார்த்தல் பொருந்தாது. மாலையில் நெடிய நடையும் விளையாட்டும், உறங்குமுன் ஒருமுறை கொல்லைப்புறம் செல்லுதலும் நாள்தோறும் தவறாது நிகழ்தல் வேண்டும். அகவை எத்தனை திங்களோ ஏறத்தாழ அத்தனை மணிநேரமே குட்டி சிறுநீரை அடக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே மூன்று திங்கட் குட்டி நள்ளிரவில் முனகின் வெளியே அழைத்துச் செல்க. அப்போது விளையாட்டும் கொஞ்சுதலும் வேண்டா. தாயைப் பிரிந்த முதல் நாட்களில் நம் படுக்கையருகே ஒரு சாக்கினை விரித்து உறங்கவிடின், அதன் தனிமையச்சம் விரைவில் நீங்கும். குரைக்கும் நாயை நோக்கி நாமும் கூச்சலிடின், அதன் கிளர்ச்சி தணியாது, மேலும் வளரும்.

அடித்தலால் விளையும் தீங்கு பெரிது. பிற நாய் தோன்றும்போதெல்லாம் அடிபடும் நாய், அவ்வலியைப் பிற நாயின் வரவோடு சேர்த்துக்கொள்கின்றது. அச்சம் பகையாக மாறுகின்றது. உறுமியதற்காக அடியுண்ட நாய் உறுமுதலை விடும், கடித்தலை விடாது. எச்சரியாமல் கடிக்கும் நாயினும் கொடிது எது? அதனைத் தெருவில் விடுவோர், தம் இல்லத்து இடரை அயலார் குழந்தைகளின்மேல் ஏற்றுகின்றனர். வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆதலின் மூன்று திங்கள் நிரம்பிய குட்டிக்கு அந்நோய்க்கான தடுப்பூசி இடுவித்து, பின்னும் கால்நடை மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாது இடுவித்தல் வேண்டும். யாரையேனும் நாய் கடிப்பின், புண்ணைச் சோப்பும் ஓடும் நீருங்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

நாய் வளர்க்க விரும்பும் அன்பர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். குட்டியை இல்லத்திற்குக் கொணருமுன், நாள்தோறும் அதற்கென ஒரு மணிநேரம் ஒதுக்கவியலுமா என்று தம்மைத் தாமே வினவுக. இயலுமெனின் கொணர்க. இயலாதெனின், வாயிலில் சங்கிலியும் அதன் நுனியில் ஓர் ஏங்கும் உயிரும் இல்லாதிருத்தலே இருவர்க்கும் நலம்.